'வருமான வரி' என்றொரு பாட்டுப் பட்டியல்

என் கைப்பேசியில் 'வருமான வரி' என்ற பெயரில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வரிக் கணக்கு எதுவும் இல்லை. 63 பாடல்கள் இருக்கின்றன. வானொலி நிலையத்தில் யாராவது என் கைப்பேசியை எடுத்துத் துழாவினாலும், அந்தப் பெயரைப் பார்த்ததும் திறந்து பார்க்கும் ஆசை போய்விடும் என்றுதான் அப்படி வைத்தேன். பல ஆண்டுகளாக அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது.

நான் வானொலி அறிவிப்பாளர். வேலை முடிந்து எல்லாரும் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும் மாலை நேரத்தில் உங்கள் காருக்குள் பேசிக்கொண்டிருக்கும் குரல்களில் என்னுடையதும் ஒன்று. இந்த வேலையில் இருப்பவனை எங்கே பார்த்தாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது?" கல்யாண வீட்டில் கேட்பார்கள். மாமாக் கடையில் தே தாரேக் வைத்துவிட்டுக் கேட்பார்கள். ஒருமுறை பல் மருத்துவர் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

அதற்கு ஒரு தயார்ப் பதில் வைத்திருந்தேன். இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு. கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். "ஓ, நீங்க அந்த லெவலா?" என்பார். பதில் பொய் இல்லை. கர்நாடக இசையையும் மேற்கத்திய வயலின்களையும் அவர் அதில் எப்படி ஒன்றாக உட்காரவைத்தார் என்பதை இப்போது கேட்டாலும் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால், நான் அதை ஆண்டுக்கு இரண்டு முறை கேட்பேன். 'வருமான வரி'யை வாரத்துக்கு நான்கு நாள் கேட்பேன்.

அந்தப் பட்டியலில் என்னதான் இருக்கிறது? தேவாவின் கானாப் பாடல்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு. டி. ராஜேந்தர் மூன்று. சாமி வந்து ஆடவைக்கும் அம்மன் படப் பாடல்கள் இரண்டு. 2011-இல் உலகமே கேட்டுவிட்டு மறுநாளே கேட்டதே இல்லை என்று சொன்ன அனிருத்தின் 'கொலவெறி'. மிச்சம் பாதிக்கு மேல் மலாய் ராக். அதிலும் 1980-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த, நீண்ட முடி வைத்த அண்ணன்கள் தொண்டை கிழிய அழுகிற ரகம். மலாய்க்காரர்களே அதைக் கிண்டலாகவும் பாசமாகவும் 'ராக் காப்பாக்' என்பார்கள். காப்பாக் என்றால் கோடாலி.

ஆங்கிலத்தில் இந்த மாதிரிப் பாடல்களுக்கு 'கில்டி பிளஷர்' என்று பெயர். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல பெயர் இருந்தது. பக்கத்து வீட்டு ரம்புத்தான். எங்கள் வீட்டிலேயே ஒரு மரம் இருந்தது, காய்ப்புக்குக் குறைவில்லை. இருந்தாலும் வேலி தாண்டித் தொங்குகிற பக்கத்து வீட்டுக் கிளையில் கை வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். "நம்ம மரத்துல இல்லாத ருசி அதுல என்னடா?" என்று அம்மா கேட்பார். ருசி பழத்தில் இல்லை, யாரும் பார்க்கவில்லை என்பதில்தான் இருந்தது.

பாட்டில் அப்படி இல்லை. யாரும் பார்க்காவிட்டாலும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கும். பிறகு ஏன் ஒளித்து வைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் அப்பாவின் லோரியில் ஏற வேண்டும்.

அப்பா பிறையில் சரக்கு ஏற்றிக் கிள்ளானில் இறக்குவார். எங்கள் வீடு தைப்பிங்கில். பள்ளி விடுமுறை விட்டால் நானும் ஏறிக்கொள்வேன். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. 1990-களின் பின்பகுதி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுதாகத் திறக்கப்பட்டு, பழைய சாலையில் ஊர் ஊராக நின்று போன காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. "இப்ப ரோடு நல்லா இருக்கு, அதான் தூக்கம் வருது," என்பார் அப்பா. பழைய சாலையில் வளைவும் மாடும் சைக்கிளும் ஓட்டுநரைத் தூங்கவிடாது. நேர்சாலையில் அந்த வேலையைப் பாட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஓட்டும்போது கேட்கிற பாட்டு வேறு, உட்கார்ந்து கேட்கிற பாட்டு வேறு என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த லோரியில்தான். அப்பாவிடம் ஒரு முறை இருந்தது. வண்டி எடுத்ததும் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல். அது முடிகிறவரை பேசக்கூடாது. பிறகு டி.எம்.எஸ். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் இளையராஜா. அதிலும் மலேசியா வாசுதேவன் குரல் வந்தால் அப்பாவின் கை தானாக ஒலியைக் கூட்டும். "நம்ம ஊரு ஆளு." 1944-இல் இந்த மண்ணில் பிறந்து, சென்னைக்குப் போய், நாட்டின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு பாடியவர் அவர். அப்பாவுக்கு அது சொந்தக்காரர் ஒருவர் நன்றாக வந்த மாதிரி. 2011-இல் அவர் இறந்த செய்தி வந்த நாளில் அப்பா ஒன்றும் பேசவில்லை. வெளியில் நிறுத்தியிருந்த காரில் போய் உட்கார்ந்துகொண்டு பாட்டுக் கேட்டார்.

இரவு இரண்டு மணிக்கு மேல் மெல்லிசைக்குத் தடை. எவ்வளவு பெரிய மேதை போட்டதாக இருந்தாலும் சரி. "அதெல்லாம் தாலாட்டு. தாலாட்டுப் பாடிக்கிட்டே வண்டி ஓட்டுவியா?" அந்த நேரத்துக்குத்தான் தேவா. டப்பாங்குத்து, கானா, கைதட்டல், இடையில் யாராவது 'ஏய்' என்று கத்துவது. முக்கியமாக, கூடவே பாட முடிகிற பாட்டாக இருக்க வேண்டும். "பாடுற வாய் கொட்டாவி விடாது" என்பது அப்பாவின் சட்டம். தஞ்சோங் மாலிமைத் தாண்டி விடியும்வரை அப்பாவும் நானும் தொண்டை வற்றப் பாடியிருக்கிறோம். 'காதல் கோட்டை' (1996) படத்தில் தேவாவே பாடிய ஒரு கானா உண்டு, மனம் உடைந்த ஒரு தம்பிக்குத் தைரியம் சொல்கிற பாட்டு. அந்தக் கேசட்டின் அந்த இடம் மட்டும் தேய்ந்து, தேவாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. இன்றைக்குச் சுத்தமான பதிவில் அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

கேசட்தான் அப்பாவுக்குத் தூரம் அளக்கும் கருவியும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். சுமை ஏற்றிய லோரிக்கு ஒரு பக்கம் ஓடி முடிந்தால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஈப்போவில் போட்டால் தாப்பாவில் திருப்பிப் போட வேண்டும். என் வேலை அதுதான். நாடா சிக்கிக்கொண்டால் பென்சில் விட்டுச் சுற்றுவதும் என் வேலை.

லோரியில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. சரக்கு ஏற்றி இறக்க உதவிக்கு வருகிற, பாரிட் புந்தாரைச் சேர்ந்த மலாய் இளைஞர். நான் அவரை 'அபாங்' என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு சீர்காழியும் தெரியாது, தேவாவும் தெரியாது. அவருக்கு 'சர்ச்' குழு தெரியும், 'விங்ஸ்' குழு தெரியும். அதனால் அந்த வண்டிக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பிறையிலிருந்து ஈப்போவரை அப்பாவின் கேசட். ஈப்போவிலிருந்து ஒரு பக்கம் மட்டும் அபாங்கின் கேசட். அந்தப் பக்கம் முடிந்தால் மறுபடி அப்பா. அபாங் ஒவ்வொரு முறையும் முதலில் போடுவது 'சர்ச்' குழுவின் 'இசபெல்லா'. 1989-இல் வந்த அந்தப் பாட்டை இந்த நாட்டில் அந்த வயதில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மறுபடியும் கோடாலிப் பாட்டா?" என்பார். அபாங் கண்ணை மூடிக்கொண்டு, கையில் இல்லாத கிட்டாரை வாசிப்பார். நடுவில் உட்கார்ந்த நான் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரம்புத்தானில் முதல் பழம் அதுதான்.

ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பேர் கேசட்டும் ஓடாது. கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் நடுவே மலையைக் குடைந்த மெனோரா சுரங்கப்பாதை வருகிறதே, அந்த ஏற்ற இறக்கம். மலைக்கு முன்னாலேயே அப்பா பாட்டை நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "இறக்கத்துல பாட்டு வேணாம். பிரேக்கோட சத்தம் கேக்கணும்," என்றார்.

பின்னாளில் பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது, இசையும் சாலையும் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை வாசித்தேன். வாரன் பிராட்ஸ்கி என்ற ஆய்வாளர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு அதற்குக் கைகொடுத்தது. கணினியில் கார் ஓட்டவைத்து, மெதுவான தாளம், நடுத்தரம், வேகமானது என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். தாளம் வேகமாக வேகமாக, ஓட்டுகிறவர்களின் வேகமும் கூடியது, சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் கூடியது. நல்ல மதிப்பெண் கிடைத்தது. பெருமையோடு அப்பாவிடம் சொன்னேன். "இதக் கண்டுபுடிக்கவா வெள்ளிய செலவு பண்றாங்க?" என்றார்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வேக வரம்பு 110 உள்ள சாலையில் உங்கள் கார் தானாக 130 தொட்டால் ஒருமுறை என்ன பாட்டு ஓடுகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் அனிருத்.

அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் ஒளித்து வைக்கும் பழக்கமும் தொடங்கியது. விடுதியில் என் அறைத்தோழன் தலைநகரில் வளர்ந்தவன். கேட்பதெல்லாம் ஆங்கிலக் குழுக்கள். தமிழ் என்றால் ரஹ்மான், அதிலும் இந்திப் பதிப்பு. நான் அப்போது கொஞ்சம் தலைநிமிர்ந்துதான் இருந்தேன். காரணம் யோகி பி. 2006-இல் 'வல்லவன்' தொகுப்பு வந்தபோது எங்கள் பள்ளியே ஆடியது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும், 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய பாட்டை எடுத்து, அதன் மேல் நம் ஊர்த் தமிழில் ராப் செய்திருந்தார்கள். அதுவரை பாட்டு சென்னையிலிருந்து இங்கே வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இங்கிருந்து அங்கே போனது. பிறகு 'ஆடுகளம்', 'விவேகம்' என்று அங்கேயும் அந்தக் குரல் கேட்டது. ஆக, என் எம்பி3 கருவியில் முதலில் யோகி பி இருந்ததால் எனக்கு மரியாதை கிடைத்தது.

ஒரு நாள் தோழன் அதை வாங்கிக் கீழே தள்ளிக்கொண்டே போனான். தேவா வந்தார். இன்னும் தள்ளினான். மறுபடி தேவா. சிரித்துக்கொண்டே, "என்னடா இது, லோரிப் பாட்டெல்லாம் வச்சிருக்க?" என்றான்.

அவனுக்கு என் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று தெரியாது. சும்மா வாயில் வந்த வார்த்தை. ஆனால் எனக்குக் காது சூடானது. நானும் சிரித்தேன். "தம்பி ஏத்திவிட்டான்" என்று பொய் சொன்னேன். எனக்குத் தம்பியே கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பருவத்தில்தான் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ பற்றி வகுப்பில் படித்தோம். 1979-இல் அவர் எழுதிய ஒரு பெரிய நூலின் சாரம் இது: நமக்கு எது பிடிக்கிறது என்பது நம் சொந்த விருப்பம் மட்டுமல்ல, நாம் எந்த வீட்டில் பிறந்தோம், எந்தப் பள்ளியில் படித்தோம் என்பதன் முத்திரையும்கூட. ரசனையை வைத்து மனிதர்கள் ஒருவரை ஒருவர் தரம் பிரிக்கிறார்கள். தேர்வில் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். எழுதிவிட்டு அறைக்குப் போய்த் தேவாவை அழித்தேன். பாடம் வேறு, பயம் வேறு.

வானொலிக்கு வந்த பிறகு அந்தப் பயத்துக்குச் சம்பளமும் கிடைக்கத் தொடங்கியது. பலர் நினைப்பது போல அறிவிப்பாளர் தனக்குப் பிடித்ததை எடுத்துப் போடுவதில்லை. பட்டியல் முன்கூட்டியே கணினியில் ஏறிவிடும். பாட்டுத் தொடங்கியதிலிருந்து குரல் வரும்வரை எத்தனை வினாடி என்று திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வரும், அதற்குள் நாங்கள் பேசி முடிக்க வேண்டும். இளையராஜாவின் பழைய பாடல்களில் தொடக்க இசை நீளம். பேச இடம் இருக்கும், பேச மனம் வராது. எங்கள் கையில் கொஞ்சமாவது இருக்கிற இடம் நேயர் விருப்பம்தான். யாராவது அழைத்து ஒரு பாட்டைக் கேட்டால், அதை எப்படி வரவேற்கிறோம் என்பது எங்கள் குரலில் இருக்கிறது.

2019-இல் ஒரு வெள்ளிக்கிழமை. ரவாங்கிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். வாரம் ஒருமுறையாவது அழைப்பார். வேலை நேரம் முடிந்து ஆட்கள் வெளியே வரும்வரை வாசலில் காத்திருக்கும் நேரத்தில் எங்களோடு பேசுவார்.

"வணக்கம்ணே! பஸ்ஸு நிக்குதா, ஓடுதா?"

"நிக்குது தம்பி, நிக்குது. ஆளுங்க வர இன்னும் பத்து நிமிசம் இருக்கு லா. 'காதல் கோட்டை' பாட்டு ஒன்னு கெடைக்குமா? தேவா பாடுனது."

எனக்கு எதிரே இன்னோர் அறிவிப்பாளர் இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளையவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, 2019-லயும் இந்தப் பாட்டா? எங்க ஸ்பீக்கர் பாவம்ணே!" என்றேன். சிரிப்பொலி விசையை அழுத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

"சரி தம்பி. வேற நல்லதா ஏதாச்சும் நீங்களே போடுங்க."

போட்டேன். அன்றைக்கு எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த புதுப்பாட்டு ஒன்று. அந்த நான்கு நிமிடத்தில் 'நல்லதா' என்ற அந்த ஒரு சொல்லே காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அன்று காலை வேலைக்கு வரும்போது நான் கேட்டுக்கொண்டு வந்தது அதே பாட்டு. அதே படம், அதே தேவா. 'வருமான வரி'யில் நான்காவது வரிசை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அப்பா அழைத்தார். என் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பார், ஆனால் அதைப் பற்றிப் பேச அழைக்க மாட்டார்.

"ஏன்டா, அந்த ஆளு என்ன தப்பாக் கேட்டுட்டாரு?"

"சும்மா ஜோக்குப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. "அந்தப் பாட்டு ஓடுன வண்டியில வந்த காசுலதான் நீ படிச்ச," என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தப் பாட்டைப் போட அனுமதி வாங்கினேன். ரவாங் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன், எனக்கும் அந்தப் பாட்டுப் பிடிக்கும் என்பதையும் சொன்னேன். வாட்ஸ்அப்பில் நிறைய சிரிப்பு முகங்கள் வந்தன. அண்ணனிடமிருந்து அழைப்பு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவர் வேலை நேரம் மாறியிருக்கலாம். பேருந்தை விட்டே போயிருக்கலாம். நேயர் எண்ணை எடுத்து நாங்களாக அழைக்கும் வழக்கம் இல்லை. அதன் பிறகு வந்த பெருந்தொற்றுக் காலத்தில் ஓடாமல் நின்ற தொழிற்சாலைப் பேருந்துகளை எங்காவது பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வந்தது. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் நிகழ்ச்சியில் ஒரு மாலை, "வெளியே சொல்லாத பாட்டு எது?" என்று கேட்டுப் பார்த்தோம். முதலில் என் பட்டியலின் பெயரை நானே உடைத்தேன். இணைப்புகள் நிறைந்துவிட்டன. மிருதங்க ஆசிரியர் ஒருவர் கொரியப் பெண்கள் குழுவின் பாடல்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார். மாணவர்கள் வருவதற்கு முன் அணைத்துவிடுவாராம். ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் அம்மன் பாட்டுப் போட்டுக்கொண்டு போவாராம், எதிர்த்தரப்புக்கு அருள் இறங்கும் வேகத்தில். படிவம் 5 படிக்கும் ஒரு தங்கை மிக மெல்லிய குரலில் சொன்னதுதான் எனக்குப் புதிது. அவர் ஒளித்து வைப்பது பி. சுசீலாவை. "ஃபிரெண்ட்ஸுக்குத் தெரிஞ்சா பாட்டின்னு கூப்பிடுவாங்க அண்ணா." நான் பெருமையாகக் காட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் குரலை அந்தப் பிள்ளை வெட்கப்பட்டுப் போர்வைக்குள் கேட்கிறது.

இன்னோர் அம்மா அழைத்தார். சுங்கை பட்டாணி. "எனக்குப் புடிச்ச பாட்டு எதுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல தம்பி. யோசிச்சுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டார். ஒன்பது நாள் கழித்து அழைத்துச் சொன்னார். 'கரகாட்டக்காரன்' படப் பாட்டு. ஒன்பது நாள் யோசித்ததற்கு நான் ஏதோ அபூர்வமான பாட்டை எதிர்பார்த்திருந்தேன், எல்லாருக்கும் தெரிந்த பாட்டைச் சொன்னார். இந்த முறை வாயை மூடிக்கொண்டு, "வருதும்மா" என்று மட்டும் சொல்லிப் போட்டேன்.

பத்து வயதிலிருந்து இருபதுகளின் தொடக்கம்வரை காதில் விழுந்த இசைதான் மனிதரோடு கடைசிவரை ஒட்டிக்கொள்கிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த வயதில் எந்தப் பாட்டு நம் காதில் விழ வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. எனக்கு ஒரு லோரி முடிவு செய்தது. என் மகளுக்கு யூடியூப் முடிவு செய்துகொண்டிருக்கிறது. அவள் இப்போது ஒரு சுறாமீன் பாட்டை நாள் முழுவதும் கேட்கிறாள். பொறுத்துக்கொள்கிறேன்.

போன தீபாவளிக்கு முன் அப்பா இரண்டு வாரம் எங்களோடு தங்கியிருந்தார். கண்புரை அறுவைச் சிகிச்சை. மருத்துவர் சரி என்று சொன்னதும் அவரைத் தைப்பிங்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மனைவியும் மகளும் பின்னால் தூங்கிவிட்டார்கள். அப்பா முன்னால். முப்பது ஆண்டு ஓட்டிய மனிதர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

தாப்பாவில் நின்று காப்பி குடித்துவிட்டு ஏறினோம். அதுவரை இளையராஜா ஓடியது. கைப்பேசியைக் காரோடு மறுபடி இணைத்தபோது திரையில் பட்டியல்களின் பெயர்கள் வந்தன. அப்பாவின் புதுக் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

"என்னடா அது, வருமான வரி?"

நான் பதில் சொல்வதற்குள் விரலால் தொட்டுத் திறந்துவிட்டார். ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார், விடுதித் தோழன் தள்ளிய அதே மாதிரி. தேவாவைப் பார்த்து ஒரு 'ம்'. அம்மன் பாட்டைப் பார்த்து ஒரு சிரிப்பு. இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு நிறுத்தினார்.

"இது அவன் பாட்டுல்ல?"

'இசபெல்லா'. அபாங் இப்போது பாரிட் புந்தாரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள், பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றி.

"போடவாப்பா? உங்களுக்குத்தான் கோடாலிப் பாட்டு புடிக்காதே."

"யாரு சொன்னா? அவன் முன்னாடி அப்படிச் சொல்லலன்னா ரெண்டு பக்கமும் அதையே போட்டுருப்பான்."

ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் இடமும் வலமும் கடந்து போய்க்கொண்டிருந்தன. அப்பா பாடினார். மலாய்ச் சொற்களில் பாதி தப்பு, மெட்டு மட்டும் ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. கிட்டார் தனியாக வரும் இடத்தில் அவர் விரல்கள் முழங்காலின் மேல் அசைந்தன. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். சாலை ஏறத் தொடங்கியது. சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தோம்.

பாட்டு உச்சத்தில் இருக்கும்போது அப்பா கை நீட்டி ஒலியை முழுதாகக் குறைத்தார்.

"இறக்கம்," என்றார்.

காருக்குள் டயர் ஓடும் சத்தமும் மகளின் மூச்சும் மட்டும் கேட்டன. நான் வேகத்தைக் குறைத்தேன். கோலகங்சார் பலகை தெரிந்ததும் அவரே மறுபடி ஒலியைக் கூட்டினார்.